ஸ்லைடில் ஆயுள் ரேகை தெரியுமா?

வாய்ப்புற்று நோயாளி எத்தனை காலம் பிழைப்பார் என்று முன்கூட்டியே சொல்வதாக நூற்றுக்கணக்கான புரதங்கள் ஆய்விதழ்களில் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் சிகிச்சை அறைக்குள் நுழைந்தவை எத்தனை?

அறுவை அரங்கிலிருந்து வந்த நாக்குத் துண்டு, மூடி போட்ட டப்பாவுக்குள் ஃபார்மலினில் ஊறிக் கிடக்கிறது. மறுநாள் அதை எடுத்துத் தண்ணீரில் அலசி, வெட்டுப் பலகையில் வைக்கிறார் நோய்க்குறியியல் மருத்துவர். எது முன்பக்கம் என்று தெரிவதற்காக ஒரு முனையில் நூல் தையல் போட்டு அனுப்பியிருக்கிறார் அறுவை மருத்துவர். வெட்டிய விளிம்புகளில் ஒரு பக்கத்துக்குக் கறுப்பு மை, இன்னொரு பக்கத்துக்கு நீல மை. நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்று எந்த விளிம்பை எட்டியிருக்கிறது என்பதை இந்த மைதான் காட்டிக்கொடுக்கும். பிறகு நீளக் கத்தியால் சில மில்லிமீட்டர் கனத்தில் சீவிக்கொண்டே போகிறார். சிவந்த தசைக்குள் வெளிறிய, கெட்டியான திட்டு ஒன்று இறங்கியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அந்தச் சீவல்கள் மெழுகில் பதிக்கப்பட்டு, நாலு மைக்ரான் தடிமனில் அரியப்பட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றப்படுகின்றன. பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான சவ்வின் அடிக்கோட்டிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இறக்கி, புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளக்கிறார். 7 மி.மீ.

அதே மெழுகுக் கட்டியிலிருந்து அரிந்த இன்னொரு ஸ்லைடு வேறொரு எந்திரத்துக்குள் போய்வருகிறது. ஒரே ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அதன்மேல் ஊற்றி, ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் ஏறும்படி ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் 'ஐ.எச்.சி.' என்று சுருக்கமாகச் சொல்லும் சோதனை இதுதான். பழுப்பு அடர்ந்திருந்தால் புரதம் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. முதல் ஸ்லைடு ஓர் ஆழத்தைச் சொல்கிறது, இரண்டாவது ஒரு புரதத்தைக் காட்டுகிறது. வெளியே ஃபைலோடு காத்திருக்கும் குடும்பத்துக்கு வேண்டியதோ வேறு: 'இன்னும் எவ்வளவு காலம் டாக்டர்?'

இந்தக் கேள்விக்குப் பழுப்பு ஸ்லைடு பதில் சொல்லும் என்ற நம்பிக்கையில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது. கேள்வியே கொஞ்சம் கோணலாகக் கேட்கப்பட்டிருக்கிறது என்பது என் வாதம். ஒருவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று ஒரு புரதம் சொல்வதால் மட்டும் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்தப் பதிலைக் கேட்டு மருத்துவர் நாளைக்கு வேறொன்றைச் செய்வாரா என்பதில்தான் அந்தப் புரதத்தின் மதிப்பு இருக்கிறது. இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால், பட்டியலில் உள்ள ஏறக்குறைய எல்லாப் புரதங்களும் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுகிற ஒன்றிரண்டைப் பற்றி மட்டும் நாம் தீவிரமாகப் பேச வேண்டும்.

முப்பது ஆண்டு, 184 மார்க்கர்

உலகில் வாய்ப்புற்று அதிகம் தாக்கும் நாடு இந்தியா. வெற்றிலை பாக்கோடு புகையிலை, குட்கா, ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் பொட்டலங்கள், பீடி, மது என்று காரணங்கள் ஊரறிந்தவை. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வகைப்படுத்திவிட்டது. மேற்கு நாடுகளில் நாக்கில் வருவதே அதிகம். இங்கே கன்னத்தின் உட்புறமும் ஈறும். புகையிலையை எங்கே அடக்கி வைக்கிறோமோ அங்கே முளைக்கிறது.

> எண்களில் வாய்ப்புற்று
> 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, உதடு மற்றும் வாய்க்குழிப் புற்று உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 3,90,000 பேர். அவர்களில் சுமார் 1,43,000 பேர் இந்தியர்கள். அதே ஆண்டில் இந்தியாவில் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 80,000 பேர்.

நோய் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதன் போக்கை முன்கூட்டியே அறிய ஆசைப்படுவது இயல்பு. ஒரே அளவுக் கட்டி, ஒரே வயது, ஒரே அறுவை மருத்துவர். ஆனாலும் ஒருவர் பத்தாண்டு நலமாக இருக்கிறார், இன்னொருவருக்கு எட்டு மாதத்தில் கழுத்தில் நெறிகட்டி நோய் திரும்பிவிடுகிறது. ஏதோ ஒரு வேறுபாடு செல்லுக்குள்தான் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கி67, செல்லைப் பிரியத் தூண்டும் சைக்ளின் டி1, செல்களைப் பக்கத்துச் செல்லோடு பிடித்துவைக்கும் இ-கேட்ஹெரின், ரத்தக்குழாய்களை வரவழைக்கும் வி.இ.ஜி.எஃப்., சுற்றுத்திசுவைக் கரைத்து வழி உண்டாக்கும் எம்.எம்.பி. வகைகள் என்று ஒவ்வொன்றாகப் பழுப்பு நிறமேற்றிப் பார்த்தார்கள். நாக்குப் புற்றுக்கு மட்டும் 1985 முதல் 2015 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு மறுஆய்வு வெளிவந்தது. 174 ஆய்வுகள், 184 மார்க்கர்கள் (நோயின் போக்கைக் காட்டுவதாகச் சொல்லப்படும் அடையாளங்கள்). அதாவது ஆய்வுக்கு ஒரு புது மார்க்கர் என்ற கணக்கைவிடவும் கூடுதல். ஏற்கெனவே ஒருவர் சொன்னது சரிதானா என்று சோதிப்பதைவிட, புதிதாக ஒன்றைச் சொல்வதில்தான் எல்லோருக்கும் ஆர்வம்.

இதற்கு ஆய்வுலகத்தின் உள்விவகாரம் ஒரு காரணம். கிரேக்கத்தின் யோவானினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2005-இல் வெளியான புற்றுநோய் மார்க்கர் கட்டுரைகள் 1,575-ஐ எடுத்து ஆராய்ந்தார்கள். 95.8 விழுக்காட்டுக் கட்டுரைகளின் சுருக்கத்திலேயே 'முக்கியத்துவம் வாய்ந்த' முடிவு ஒன்று இருந்தது. எந்தச் சப்பைக்கட்டும் இல்லாமல் 'இது வேலை செய்யவில்லை' என்று சொன்னவை 21 மட்டும். தேர்வெழுதிய அத்தனை பேரும் தேர்ச்சி என்றால், வினாத்தாளைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதே குழு தலை, கழுத்துப் புற்றில் பி53 பற்றி 2005-இல் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். எளிதில் கண்ணில்படும் கட்டுரைகளை மட்டும் சேர்த்தபோது பி53 மரணத்தோடு தெளிவாகத் தொடர்புபட்டது. தேடுபொறியில் சிக்காமல் கிடந்தவற்றையும், அச்சேறாமல் ஆய்வாளர்கள் கையிலேயே இருந்த தரவுகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்தபோது, அந்தத் தொடர்பு புள்ளியியல் எல்லைக்கு வெளியே நழுவிவிட்டது.

பி53 என்ற பாடம்

பி53 கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய புரதம். மற்ற மார்க்கர்கள் எங்கே சறுக்கின என்பதும் இதில் தெரிந்துவிடும். சேதமடைந்த செல் பிரியாமல் தடுப்பது இதன் வேலை. ஆரோக்கியமான செல்லில் பி53 உண்டாகும் வேகத்திலேயே சிதைக்கப்பட்டுவிடும். எனவே ஸ்லைடில் அநேகமாக ஒன்றும் தெரியாது. மரபணுவில் ஓர் எழுத்து மாறி உருக்குலைந்த பி53 உண்டானால், அது சிதையாமல் உட்கருவில் குவியும். ஸ்லைடு அடர் பழுப்பாகும். அதே மரபணு பாதியில் வெட்டுப்பட்டால் புரதமே உண்டாகாது. ஸ்லைடு சுத்தமாக வெளுத்திருக்கும். ஆக, மிக அடர்த்தியாக இருந்தாலும் கோளாறு, துளியும் இல்லாவிட்டாலும் கோளாறு. பல பழைய ஆய்வுகளோ 'பத்து விழுக்காடு செல்களுக்கு மேல் பழுப்பு இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்' என்று கோடு கிழித்து, புரதமே இல்லாத கெட்ட கட்டிகளையும் நல்ல கட்டிகளையும் ஒரே கூடையில் போட்டன. ஒருவர் கோடு 5-இல், இன்னொருவர் கோடு 30-இல். முடிவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதில் வியப்பென்ன?

இதோடு பொருளின் பக்குவம் என்ற தலைவலியும் உண்டு. வெட்டியெடுத்த திசு ஃபார்மலினுக்குள் போக எத்தனை மணி நேரமாயிற்று, அதில் எத்தனை மணி நேரம் ஊறியது என்பதைப் பொறுத்துச் சாயம் ஏறுவது மாறும். தாடை எலும்போடு வெட்டிய துண்டுகளை அரிவதற்கு வசதியாக அமிலத்தில் போட்டு மென்மையாக்குவார்கள். அந்த அமிலம் சில புரதங்களின் அடையாளத்தையே அழித்துவிடும். கன்னம், ஈறு சார்ந்த புற்று மிகுந்த நம் நாட்டில் எலும்போடு வரும் துண்டுகள் ஏராளம். இவ்வளவையும் ஒரே சீராக வைத்துக்கொள்ள முடிந்த பெரிய மையத்தில் கிடைத்த முடிவு, ஊர் ஊராக மெழுகுக் கட்டியைக் கூரியரில் அனுப்பும் சூழலில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மறுபக்கம், ஸ்கேலில் அளந்த அந்த 7 மில்லிமீட்டருக்கு என்ன நேர்ந்தது? 2018 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு ஸ்டேஜ் முறை, வாய்ப்புற்றுக்கு ஆழத்தை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. மேலே இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிய கட்டியாக இருந்தாலும், ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாக இறங்கிவிட்டால் அது முதல் நிலை அல்ல. கழுத்து நிணநீர்க் கணுவின் உறையைப் புற்று கிழித்து வெளியே வந்திருக்கிறதா என்பதும் சேர்ந்தது. 184 மார்க்கரில் ஒன்றுகூட வாய்க்குழிப் புற்றின் ஸ்டேஜ் அட்டவணைக்குள் வரவில்லை. ஆழம் அளப்பது மலிவு, திரும்ப அளந்தாலும் ஏறக்குறைய அதே விடை வரும், எல்லாவற்றுக்கும் மேலாக அது அடுத்து என்ன செய்வது என்பதை மாற்றுகிறது. மூன்று, நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் கழுத்தையும் திறப்பதே இன்றைய வழக்கம். விளிம்பில் புற்று இருந்தாலோ, கணுவின் உறை கிழிந்திருந்தாலோ, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004-இல் முடிவு வெளியான இரண்டு பெரிய சோதனைகளின் அடிப்படையில், வெறும் கதிர் சிகிச்சைக்குப் பதில் கீமோவும் சேர்த்துத் தருகிறார்கள். நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று மக்கள் சொல்கிற அந்தச் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது இன்றைக்கும் மையும் ஸ்கேலும்தான்.

ஆயுளைச் சொல்வது வேறு, மருந்தைச் சொல்வது வேறு

பி16 என்ற புரதத்தின் கதை இந்த வேறுபாட்டை மிகக் கடுமையாக உணர்த்தியது. இது வாய்க்குழிப் புற்றின் கதை இல்லை; டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வரும் தொண்டைப் புற்றின் கதை. ஹெச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றில் பி16 அடர்ந்து தெரியும். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைரஸ் சார்ந்த தொண்டைப் புற்று நோயாளிகளில் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 82.4 விழுக்காடு, வைரஸ் இல்லாதவர்களில் 57.1. ஒரு மார்க்கர் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்டுவது அபூர்வம். எனவே மருத்துவர்கள் நியாயமாகவே யோசித்தார்கள்: இவர்கள் எப்படியும் நன்றாக இருக்கப்போகிறவர்கள்தானே, காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் மென்மையான செடுக்சிமாப் கொடுத்தால் என்ன?

2018-இல் இரண்டு சோதனைகளின் முடிவு ஒன்றாக வந்தது. அமெரிக்கச் சோதனையில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு சிஸ்பிளாட்டின் பெற்றவர்களில் 84.6 விழுக்காடு, செடுக்சிமாப் பெற்றவர்களில் 77.9. ஐரோப்பியச் சோதனையில் இரண்டாண்டில் 97.5-க்கு எதிராக 89.4. எதிர்பார்த்த அளவுக்குப் பக்கவிளைவும் குறையவில்லை. பி16 ஆயுளைச் சரியாகத்தான் சொன்னது. எந்த மருந்தைக் குறைக்கலாம் என்று அது சொல்லவே இல்லை. சொன்னதாக நாம் எடுத்துக்கொண்டோம். இன்னொரு எச்சரிக்கையும் இங்கே தேவை. வாய்க்குழிப் புற்றில், குறிப்பாகப் புகையிலையால் வரும் நம் ஊர்க் கன்னப் புற்றில், ஹெச்.பி.வி.யின் பங்கு சொற்பம். 'பி16 பாசிட்டிவ், எனவே கவலையில்லை' என்று கன்னப் புற்று நோயாளியிடம் சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இ.ஜி.எஃப்.ஆர். இதற்கு நேர் எதிரான பாடம். செல்லின் மேற்பரப்பில் நின்று 'பெருகு' என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் புரதம் இது. தலை, கழுத்துப் புற்றில் பெரும்பாலானவற்றில் மிகுந்து காணப்படும். இதை அடைக்கும் செடுக்சிமாபுக்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, பழுப்பு அடர்ந்தவர்களுக்கு மருந்து நன்றாகக் கேட்கும் என்றுதான் நினைத்தார்கள். கேட்கவில்லை, பழுப்புக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. ஏன் என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் 2021-இல்தான் வந்தது. வைரஸ் சாராத 108 கட்டிகளின் புரதங்களை நிறை நிறமாலைமானியில் ஒட்டுமொத்தமாக அளந்த அமெரிக்க ஆய்வு, கட்டளையை வாங்கும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் வந்து ஒட்டிக் கட்டளையிடும் புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதே அந்தப் பாதையின் வேகத்தைத் தீர்மானிப்பதாகக் காட்டியது. பதினைந்து ஆண்டு நாம் தவறான புரதத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தோம் என்று இதற்குப் பொருள்.

வாசலைத் தாண்டிய ஒரே புரதம்

சிகிச்சை முடிவுக்குள் நிஜமாகவே நுழைந்த புரதம் பி.டி-எல்1. புற்றுச் செல்கள் இதைக் காட்டி எதிர்ப்பாற்றல் செல்களைச் செயலிழக்கச் செய்கின்றன. பெம்புரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தப் பிடியை அவிழ்த்துவிடுகின்றன. நோய் திரும்பியவர்களிடமும் பரவியவர்களிடமும் நடந்த பன்னாட்டுச் சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. 'சி.பி.எஸ்.' மதிப்பெண் 20 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் உயிர்வாழ்வுக் காலத்தின் நடுப்புள்ளி செடுக்சிமாப் சேர்ந்த பழைய கீமோவில் 10.7 மாதம், புதிய மருந்தில் 14.9 மாதம். மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல் என்று எடுத்தால் 10.3-லிருந்து 12.3. 2025 ஜூனில், அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதே மருந்தைக் கொடுக்க அமெரிக்கா அனுமதித்தபோதும் மதிப்பெண் 1 என்ற நிபந்தனை கூடவே வந்தது.

> சி.பி.எஸ். எப்படி எண்ணுகிறார்கள்?
> பழுப்பு ஏறிய புற்றுச் செல்களையும், அவற்றைச் சூழ்ந்துள்ள லிம்போசைட், மேக்ரோஃபேஜ் செல்களில் பழுப்பு ஏறியவற்றையும் கூட்ட வேண்டும். அதை உயிருள்ள மொத்தப் புற்றுச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஸ்லைடில் குறைந்தது 100 புற்றுச் செல்லாவது இல்லாவிட்டால் கணக்குச் செல்லாது. 100-ஐத் தாண்டினாலும் 100 என்றே எழுதுவார்கள்.

இந்த மதிப்பெண்ணும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை. அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களில் 85 விழுக்காட்டினர் 1 அல்லது அதற்கு மேல் எடுத்துவிட்டார்கள். நூறு பேரில் எண்பத்தைந்து பேரை உள்ளே விடும் காவலாளியால் கதவுக்கு என்ன பலன்? கட்டியின் ஒரு மூலையில் 30, இன்னொரு மூலையில் 3 என்று வருவதும் உண்டு. சிறிய பயாப்சித் துணுக்கில் எந்த மூலை அகப்பட்டது என்பது அதிர்ஷ்டம். எந்த நிறுவனத்தின் ஆன்டிபாடி, அரிந்த ஸ்லைடு எத்தனை மாதம் அலமாரியில் இருந்தது என்பதெல்லாம் மதிப்பெண்ணை நகர்த்தும்.

இந்தியாவில் இதைவிடப் பெரிய சிக்கல் பணம். பெம்புரோலிசுமாப் ஒரு தவணைக்கே லட்சங்களில் ஆகும். மூன்று வாரத்துக்கு ஒரு தவணை. 'உங்களுக்கு மதிப்பெண் 40, மருந்து நன்றாகக் கேட்கும்' என்று ரிப்போர்ட் வந்தால், மருந்து வாங்க முடியாத குடும்பத்துக்கு அது நல்ல செய்தியா? வயலை விற்பதா வேண்டாமா என்ற கேள்வியை ஆய்வகம் ஒன்று வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது, அவ்வளவுதான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இந்தச் சிக்கலை வேறு திசையிலிருந்து அணுகியது. யாருக்கு முழு அளவு மருந்து என்று புரதத்தைக் கேட்பதற்குப் பதில், எவ்வளவு குறைத்தாலும் மருந்து வேலை செய்யும் என்று கேட்டது. 240 மில்லிகிராம் கொடுக்கும் வழக்கமுள்ள நிவோலுமாபை வெறும் 20 மில்லிகிராமாகக் குறைத்து, மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் என்ற மூன்று வாய்வழி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 151 பேர் கலந்துகொண்ட அந்தச் சோதனையில் ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4-ஆக ஏறியது. சேர்வதற்குப் பி.டி-எல்1 மதிப்பெண் நிபந்தனை எதுவும் இல்லை.

மறுப்புகள்

மார்பகப் புற்றில் ஹெர்2 புரதம் வரலாற்றையே மாற்றியதே, 1998-இல் டிராஸ்டுசுமாப் வந்த பிறகு மிக மோசமான வகையே சமாளிக்கக்கூடிய வகையானதே, வாய்ப்புற்றிலும் பொறுத்திருந்தால் நடக்காதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஹெர்2 மிகுந்திருப்பதே அந்த வகைப் புற்றை ஓட்டுகிறது. அடக்குவதற்கு அங்கே ஒரு புரதம் இருக்கிறது. வாய்ப்புற்றில் நிலைமை வேறு. 2015-இல் வெளியான அமெரிக்க மரபணு வரைபடத்திலும் சரி, 2013-இல் இந்தியக் குழு வெளியிட்ட கன்னம்-ஈறுப் புற்றின் வரைபடத்திலும் சரி, முதலிடத்தில் வருவது பி53-இன் மரபணு. கூடவே காஸ்பேஸ்-8, ஃபேட்1, நாட்ச்1. பெரும்பாலும் இவை புற்றைத் தடுக்க வேண்டிய புரதங்களை இழந்ததால் வரும் கோளாறுகள். மிகுந்து நிற்கும் புரதத்தை மருந்தால் அடக்கலாம், இல்லாமல் போன புரதத்தை என்ன செய்வது? ஹெர்2 போன்ற ஒன்று என்றைக்கும் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மார்பகப் புற்றைக் காட்டி இங்கே நம்பிக்கை விற்பது சரியல்ல.

இரண்டாவது மறுப்பு மனிதநேயம் சார்ந்தது. சிகிச்சை மாறாவிட்டால் என்ன, ஆயுளைத் தெரிந்துகொள்வதே ஒரு மனிதரின் உரிமையல்லவா? மகள் கல்யாணம், வீட்டுக் கடன், நிலப் பத்திரம் என்று ஒழுங்குபடுத்த வேண்டியவை இருக்கின்றனவே? உரிமைதான். புரதத்தால் அதைத் தர முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பேச்சுக்கு, மார்க்கர் குறைவாக இருந்த நூறு பேரில் 65 பேரும், அதிகமாக இருந்த நூறு பேரில் 50 பேரும் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆய்விதழுக்கு இது அருமையான முடிவு. வரைபடத்தில் இரண்டு கோடுகள் அழகாகப் பிரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கோ, 'உங்களுக்கு அதிகம்' என்று சொல்வதன் பொருள் பூவா தலையா என்பதுதான். கூட்டத்துக்குச் சொல்ல முடிந்ததை ஆளுக்குச் சொல்ல முடிவதில்லை. ஸ்டேஜ், வயது, உடல்நிலை, சிகிச்சையை முழுதாக முடிக்க முடியுமா என்பதையெல்லாம் வைத்து அனுபவமுள்ள மருத்துவர் சொல்லும் மதிப்பீட்டைவிட அந்த ரிப்போர்ட் ஒன்றும் கூடுதலாகச் சொல்லிவிடவில்லை. அச்சடித்த எண் என்பதால் மட்டும் குடும்பம் அதைக் கூடுதலாக நம்பிவிடுகிறது. அதுவே ஆபத்து. 'எப்படியும் போகப்போகிறார்' என்று பாதிச் சிகிச்சையில் வீட்டுக்கு அழைத்துப்போக ஒரு மார்க்கர் காரணமாகிவிடக் கூடாது.

ஒற்றைப் புரதம் போதாது, ஆயிரக்கணக்கான புரதங்களைக் கணினிக்குக் கொடுத்தால் அது வடிவத்தைக் கண்டுபிடிக்கும் என்பது மூன்றாவது வாதம், இப்போது அதிகம் கேட்பது. இதில் உண்மை உண்டு, இ.ஜி.எஃப்.ஆர். புதிரை அவிழ்த்தது அத்தகைய அளவீடுதான். ஆனால் நூறு நோயாளி, பத்தாயிரம் புரதம் என்றால் தற்செயலாகவே சில புரதங்கள் மரணத்தோடு ஒத்துப்போகும். பிடித்த வடிவம் வேறு ஊரில், வேறு ஆய்வகத்தில், வேறு நோயாளிகளிடம் நிற்கிறதா என்று பார்க்காதவரை அது ஊகம். இந்தியக் கன்னப் புற்றுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பெரிய தரவுத்தொகுப்புகள் பெரும்பாலும் மேலைநாட்டு நோயாளிகளுடையவை. மார்க்கர் ஆய்வை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று 2005-இல் 'ரிமார்க்' விதிகள் வந்தன. நோயாளிகளை எப்படித் தேர்ந்தீர்கள், கோட்டை எங்கே கிழிப்பது என்று முன்பே முடிவு செய்தீர்களா, எத்தனை பேர் இறந்தார்கள் என்பவை அதில் வரும் சாதாரணக் கேள்விகள். 2017-இன் நாக்குப் புற்று மறுஆய்வு இந்த விதிகளை வைத்துப் பார்த்தபோதும் குறைகள் வரிசையாக வந்தன.

கழுத்தைத் திறப்பதா வேண்டாமா

எனவே ஆராய்ச்சியையே நிறுத்திவிடலாமா என்றால், கூடாது. புரதம் ஒன்று உண்மையாகவே தேவைப்படும் இடம் வாய்ப்புற்றில் இருக்கிறது, அது கழுத்து. ஆரம்ப நிலைப் புற்றில், கையால் தடவிப் பார்த்தாலும் ஸ்கேனிலும் கழுத்து சுத்தமாக இருக்கும்போது, கணுக்களை உடனே எடுத்துவிடுவதா, காத்திருந்து வந்தால் எடுப்பதா என்பது ஐம்பது ஆண்டுச் சர்ச்சை. டாட்டா நினைவு மருத்துவமனையின் சோதனைதான் 2015-இல் இதற்குத் தீர்ப்பு எழுதியது. முதல் 500 பேரின் கணக்கில், உடனே கழுத்து அறுவை செய்தவர்களில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 67.5. எந்தப் பழுப்பு ஸ்லைடும் நெருங்க முடியாத ஆதாயம் இது. அன்றிலிருந்து கழுத்தைத் திறப்பது உலக வழக்கமாயிற்று.

அதே சோதனையின் உள்ளே இன்னோர் எண் இருக்கிறது. உடனே கழுத்தைத் திறந்தவர்களில் கணுவில் புற்று இருந்தது ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு. மீதி ஏழு பேருக்குக் கழுத்தில் ஒன்றுமே இல்லை. தோளைத் தூக்க முடியாமல் போகலாம், கழுத்து மரத்துப்போகலாம், காதுக்குக் கீழே தழும்பு நிற்கலாம். லாரியில் மூட்டை ஏற்றிப் பிழைப்பவருக்குத் தோள் என்பது சம்பளம். கணுவில் புற்று உள்ள அந்த மூன்று பேரையும் தவறவிடாமல், ஏழு பேரில் பாதியையாவது காப்பாற்றும் மார்க்கர் கிடைத்தால், அது நாளைக் காலை அறுவைப் பட்டியலை மாற்றிவிடும். பிரேசிலின் காம்பினாஸில் உள்ள ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட வேலை இதனால்தான் கவனத்துக்குரியது. புற்று முன்னேறும் விளிம்பையும் உட்பகுதியையும் லேசரால் தனித்தனியே வெட்டியெடுத்துப் புரதங்களை அளந்து, பிறகு எச்சிலில் தேடி, சிஸ்டாட்டின்-பி உள்ளிட்ட மூன்று புரதங்கள் கழுத்துக்குப் பரவியிருப்பதோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். தைவானில் வெற்றிலைபாக்கு மெல்லுவோரின் எச்சிலில் நான்கு புரதங்களை வைத்துப் புற்றைக் கண்டுபிடிக்கும் முயற்சி 2016-இல் வெளியானது. அது முன்கூட்டிக் கண்டறிவதற்கானது, ஆயுளுக்கானதல்ல. ஆனால் வழி ஒன்றுதான்: துப்பினால் போதும், கத்தி வேண்டாம்.

காம்பினாஸ் முடிவு பெரிய எண்ணிக்கையில் இந்தியக் கன்னப் புற்றில் சோதிக்கப்பட வேண்டும். அப்போதும் அது ஸ்கேலோடு மட்டும் போட்டியிட்டால் போதாது. கட்டியைச் சுற்றிக் கதிரியக்கச் சாயத்தைச் செலுத்தி, முதலில் சாயம் சேரும் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை, முழுக் கழுத்து அறுவைக்குக் குறைந்ததல்ல என்று 2020-இல் பிரான்சும் 2021-இல் ஜப்பானும் காட்டிவிட்டன. எச்சில் புரதம் இதைவிட மலிவாகவோ, எளிதாகவோ, துல்லியமாகவோ இருந்தாக வேண்டும். அணு மருத்துவப் பிரிவு இல்லாத மாவட்ட மருத்துவமனைகள் நிறைந்த நாட்டில், மலிவு என்ற ஒன்றிலேயே அது வெல்ல வாய்ப்பிருக்கிறது. இதைத் தீர்க்க இன்னொரு பின்னோக்கிய ஆய்வு உதவாது. புரதம் சொன்னபடி பாதிப் பேருக்கும், வழக்கப்படி பாதிப் பேருக்கும் கழுத்து முடிவை எடுத்து, குலுக்கல் முறையில் நடத்தும் சோதனை வேண்டும். 2004-இல் தொடங்கிப் பத்தாண்டு நோயாளிகளைச் சேர்த்த டாட்டா சோதனையைப் போல, பொறுமையும் அரசுப் பணமும் கேட்கும் வேலை அது.

அதுவரை, ஆய்வகம் ஒன்று 'ஆயுள் கணிப்புப் புரதத் தொகுப்பு' என்று நீட்டினால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர் சிகிச்சை தொடங்க வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் நோய்க்குத்தான் லாபம். அதற்கு முன் சொத்தைப் பற்களைச் சரிசெய்ய வேண்டும். விழுங்க முடியாத நாட்களில் மூக்குக் குழாய் வழியே சத்துணவு போக வேண்டும். ஆறேழு வாரம் ஊரைவிட்டு வந்து தங்க ஓர் இடமும், கூட இருப்பவருக்குப் போகிற கூலியும் வேண்டும். அரசுக் காப்பீடு அறுவைக்கும் கதிருக்கும் பணம் கட்டுகிறது. பேருந்துக் கட்டணத்துக்கும் லாட்ஜ் வாடகைக்கும் கட்டுவதில்லை. இந்தியாவில் பெரும்பாலானோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் வந்து சேர்கிறார்கள் என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய சோதனையில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது. அந்த முடிவு வெளியானது 2005-இல். 1,575 மார்க்கர் கட்டுரைகள் வெளியானதும் அதே ஆண்டில்தான்.